காட்டை வெட்ட வெட்ட மண்ணில் சத்து மிஞ்சுமா?

நீங்கள் கேட்டது இது: வயலில் ஒவ்வொரு அறுவடைக்கும் உரம் போடுகிறோம். காட்டில் மரத்தை வெட்டி லாரியில் ஏற்றிப் போகிறார்கள், யாரும் எதையும் திருப்பிப் போடுவதில்லை. இப்படியே போனால் மண்ணில் சத்து எத்தனை காலத்துக்கு மிஞ்சும்? மரத்தோடு சத்து வெளியே போகிறது என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இல்லை. போனது அடுத்த வெட்டுக்குள் திரும்பி வந்து சேருமா என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கும் கேள்வி. காட்டு மண்ணைத் தோண்டுவதும் சலிப்பதும் எடை போடுவதுமாக இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், இதற்கு ஒரே எண்ணில் பதில் கிடையாது. ஆனால் கணக்குப் போட ஒரு வழி இருக்கிறது. அது பிடிபட்டால் எந்தக் காட்டைப் பற்றியும் ஓரளவு ஊகித்துவிடலாம்.

முதலில், மரத்தில் சத்து எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். கட்டை என்பது பெரும்பாலும் காற்றிலும் நீரிலும் இருந்து வந்த பொருள். அடிமரத்தின் உலர் எடையில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஆயிரத்தில் ஒரு பங்கு, கூடிப் போனால் இரண்டு மூன்று பங்கு. இலையில் அதே சத்து நூற்றில் ஒரு பங்கு முதல் இரண்டு பங்கு வரை இருக்கும், அதாவது ஏறத்தாழப் பத்து மடங்கு. மரம் இந்த விஷயத்தில் கெட்டிக்காரச் சிக்கனக்காரன். இலையை உதிர்ப்பதற்கு முன் அதிலுள்ள தழைச்சத்திலும் மணிச்சத்திலும் (பாஸ்பரஸ்) ஏறத்தாழப் பாதியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்கட்டை வைரம் பாயும்போதும் அங்கிருந்த சத்தை வெளிப்புறக் கட்டைக்கு மாற்றிவிடுகிறது. வைரம் பாய்ந்த கட்டை நமக்கு விலை உயர்ந்தது, மண்ணுக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) மட்டும் விதிவிலக்கு. அதை மரத்தால் திருப்பி இழுக்க முடியாது, அது பட்டையில் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும்.

இப்போது ஒரு கணக்கு. இது எந்தக் குறிப்பிட்ட காட்டையும் அளந்து சொல்வது அல்ல, வழி காட்டுவதற்கான உதாரணம். ஒரு ஹெக்டேரில் அடிமரம் 200 டன், கிளை 25 டன், இலை 8 டன் என்று வைத்துக்கொள்வோம். அடிமரத்தில் 0.1 விழுக்காடு தழைச்சத்து என்றால் 200 கிலோ. கிளையில் 0.4 என்றால் 100 கிலோ. இலையில் 1.5 என்றால் 120 கிலோ. அடிமரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிளையையும் தழையையும் அங்கேயே விட்டால் 200 கிலோ போகும். எரிபொருளுக்கு ஆகும் என்று நுனி வரை மொத்த மரத்தையும் வாரிக்கொண்டு போனால் 420 கிலோ. எடையில் கூடுதலாகக் கிடைத்தது ஆறில் ஒரு பங்கு, சத்தில் போனது இரண்டு மடங்குக்கும் மேல். உங்கள் கேள்விக்கான பதிலில் முக்கால்வாசி இதிலேயே இருக்கிறது. எத்தனை டன் வெட்டினார்கள் என்பதைவிட மரத்தின் எந்தப் பாகத்தைக் கொண்டு போனார்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

நீங்கள் சொன்ன வயலையும் இதே தராசில் வைத்துப் பாருங்கள். ஹெக்டேருக்கு ஐந்து டன் தானியம் அறுத்தால், அதில் தழைச்சத்து 1.2 முதல் 2 விழுக்காடு என்று வைத்தால், ஒரே போகத்தில் 60 முதல் 100 கிலோ வெளியே போய்விடும். காட்டில் 200 கிலோ போனது, ஆனால் அது 50 வருடத்துக்கு ஒரு தடவை வெட்டு என்று வைத்துக்கொண்டால். வருடத்துக்கு 4 கிலோ. தானியம் என்பது செடி தன் சத்தையெல்லாம் திரட்டி வைக்கும் இடம், கட்டை என்பது செடி சத்தைக் கழற்றிக்கொண்டு விட்டுப்போன இடம். வயலுக்கு உரம் போட்டே தீர வேண்டியதற்கும் பழைய காடுகள் உரமில்லாமல் நிற்பதற்கும் பாதிக் காரணம் இதுதான்.

சரி, வரவு எங்கிருந்து? தழைச்சத்துக்கு வானமும் நுண்ணுயிரும். காற்று சுத்தமாக உள்ள இடங்களில் மழையோடு வருடத்துக்கு ஹெக்டேருக்கு ஒன்றிலிருந்து சில கிலோ வரும். தொழிற்சாலையும் வண்டிப் புகையும் நிறைந்த பகுதிகளில் பத்து, இருபது கிலோகூடச் சேரும். வேரில் நுண்ணுயிரை வைத்துக் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் ஆல்டர் போன்ற மரங்கள் இருந்தால் நிலைமையே வேறு, வருடத்துக்கு 50 கிலோவும் அதற்கு மேலும் ஏறும். மண்ணுக்குள் மட்கோடு கட்டுண்டு ஏற்கெனவே ஆயிரக்கணக்கான கிலோ இருப்பு உண்டு, ஆனால் ஒரு வருடத்தில் அதில் சிறு பங்குதான் வேருக்குக் கிடைக்கிற மாதிரி அவிழும். ஆக 50 வருடச் சுழற்சியில் அடிமரத்தை மட்டும் எடுத்தால் பெரும்பாலான இடங்களில் தழைச்சத்துக் கணக்கு நேராகிவிடும். மொத்த மரத்தையும் எடுத்தால் வருடச் செலவு 8 கிலோவைத் தாண்டுகிறது, சுத்தமான காற்றுள்ள இடத்தில் துண்டு விழும். சுழற்சியை ஏழு வருடமாகக் குறுக்கினால் இன்னும் மோசம். இளமரத்தில் வைரம் கிடையாது, சத்து செறிந்த வெளிக்கட்டையும் பட்டையும் தழையும்தான். ஒரு டன் கட்டைக்கு மண் கொடுக்கும் விலை அங்கே அதிகம்.

மணிச்சத்து, சுண்ணாம்பு, மக்னீசியம், சாம்பல் சத்து (பொட்டாசியம்) இவற்றுக்கு மூலம் பாறை. பாறை கரைந்து மெல்ல மெல்லக் கொடுப்பதுதான் முக்கிய வரவு. காற்றில் வரும் தூசியும் கொஞ்சம் உதவுகிறது. சகாராப் பாலைவனத்துத் தூசி அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசான் காட்டுக்கு வருடந்தோறும் 22,000 டன் அளவுக்கு மணிச்சத்து கொண்டுவருவதாக 2015இல் செயற்கைக்கோள் தரவுகளை வைத்துக் கணக்கிட்டார்கள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. அந்தக் காட்டின் பரப்பால் வகுத்தால் ஹெக்டேருக்குச் சில பத்து கிராம்தான் தேறும். இளம் எரிமலை மண்ணில் மணிச்சத்து தாராளம். லட்சக்கணக்கான வருடம் மழையில் நனைந்து கழுவப்பட்ட பழைய மண்ணில் இருப்பே சொற்பம், இருப்பதையும் இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரே மாதிரி வெட்டு ஒரு மண்ணில் வடுவே இல்லாமல் ஆறுவதற்கும் இன்னொன்றில் அடுத்த தலைமுறை மரம் குட்டையாக நிற்பதற்கும் இது ஒரு காரணம்.

இதுவரை பேசியது லாரியில் போகும் சத்து. அதைவிடச் சுவாரசியமானது, லாரி வராமலேயே போகும் சத்து. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்டு புரூக் என்ற ஆராய்ச்சிக் காடு இருக்கிறது. ஹெர்பர்ட் போர்மன், ஜீன் லைக்கன்ஸ் முதலானவர்கள் 1965 கடைசியில் அங்கே ஒரு சிறு ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் மொட்டையாக வெட்டினார்கள். ஒரு கட்டையைக்கூட வெளியே எடுக்கவில்லை, வெட்டியது வெட்டிய இடத்திலேயே கிடந்தது. பிறகு மூன்று கோடைகளில் களைக்கொல்லி தெளித்து எதுவும் முளைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். முதல் வருடமே ஓடையில் நீர் வரத்து ஏறக்குறைய 40 விழுக்காடு கூடியது, ஏனென்றால் நீரை உறிஞ்சி ஆவியாக்க மரம் இல்லை. ஓடை நீரில் நைட்ரேட் 40 மடங்குக்கு மேல் ஏறியது, குடிநீருக்கு வைத்த வரம்பையே தாண்டியது. ஹெக்டேருக்கு வருடம் 100 கிலோவை ஒட்டித் தழைச்சத்து தண்ணீரோடு போனது. நம் கணக்கில் அடிமரத்தோடு போனது 200 கிலோ என்பதை நினைவில் வையுங்கள், அதை இந்த ஓடை இரண்டே வருடத்தில் கொண்டுபோய்விடும்.

என்ன நடந்தது என்றால், வெயில் நேரடியாகப் படும்போது தரை சூடாகிறது, ஈரமும் கூடுகிறது, மட்கைச் சிதைக்கும் நுண்ணுயிர்களுக்குக் கொண்டாட்டம். அவை அவிழ்த்துவிடும் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுகிறது. வழக்கமாக வேர் அதை உடனே பிடித்துக்கொள்ளும், இங்கே வேர் இல்லை. நைட்ரேட்டுக்கு எதிர்மின்னேற்றம், களிமண் துகள்களுக்கும் பெரும்பாலும் அதே ஏற்றம்தான், அதனால் மண் அதைப் பிடித்துவைக்காது. அது தனியாகவும் போகாது. சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் சாம்பல் சத்தையும் கூட்டிக்கொண்டுதான் வெளியேறும், போகிற போக்கில் மண்ணை இன்னும் புளிப்பாக்கிவிட்டுப் போகும்.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டி ‘காட்டை வெட்டினால் மண் செத்துவிடும்’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அந்தக் களைக்கொல்லியை மறந்துவிடுகிறார்கள். அது வேண்டுமென்றே செய்த கடுஞ்சோதனை, செடி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று காட்டுவதற்காக. சாதாரணமாக வெட்டிவிட்டு முளைப்பதை முளைக்கவிட்ட இடங்களில் இந்தக் கசிவு பொதுவாக இரண்டு மூன்று வருடத்தில் தணிந்துவிடுகிறது. அதே காட்டுப் பகுதியில் பின் செர்ரி என்ற குறுகிய ஆயுள் மரம் ஒன்று உண்டு, அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் தூங்கும். மேலே வெளிச்சம் விழுந்ததும் கூட்டமாக எழுந்து, கசியவிருந்த சத்தைத் தன் உடம்பில் பிடித்துவைத்துவிடும். வெட்டிய இடத்தில் உடனே எழும் புதரையும் களையையும் மண்ணின் பக்கம் நின்று பார்த்தால் காவல்காரன் என்றுதான் சொல்ல வேண்டும். நட்ட கன்றை அது நெருக்கும் என்பதும் உண்மை, எவ்வளவு விடுவது என்பதில் வன அலுவலருக்கும் மண் ஆய்வாளருக்கும் எப்போதும் இழுபறிதான்.

என் பார்வையில் மண்ணுக்கு மிகப் பெரிய கேடு பெரும்பாலும் வெட்டுவதில் இல்லை, வெட்டிய பிறகு இடத்தைச் ‘சுத்தம்’ செய்வதில் இருக்கிறது. கிளையையும் தழையையும் குவித்துக் கொளுத்தினால் தழைச்சத்து 200 டிகிரி செல்சியஸ் தாண்டியதுமே ஆவியாகத் தொடங்கும். சாம்பலில் மணிச்சத்தும் சுண்ணாம்பும் மிஞ்சும், ஆனால் அடுத்த பெருமழைக்குள் வேர் அதைப் பிடிக்காவிட்டால் அதுவும் சரிவில் இறங்கிவிடும். தென் ஆஸ்திரேலியாவின் மணற்பாங்கான நிலத்தில் ரேடியேட்டா பைன் என்ற ஊசியிலை மரத் தோப்புகளில் முதல் வெட்டுக்குப் பிறகு நட்ட இரண்டாம் தலைமுறை மரம் பல இடங்களில் முதல் தலைமுறை அளவுக்கு வளரவில்லை என்று 1966இல் கீவ்ஸ் என்பவர் எழுதியபோது துறையில் பெரிய கலக்கமே ஏற்பட்டது. தோண்டித் துருவிப் பார்த்ததில், கழிவைக் கொளுத்தியதில் போன மட்கும் தழைச்சத்தும் ஈரமும், அதோடு களைப் போட்டியும் முக்கியக் காரணங்கள் என்று தெரிந்தது. கொளுத்துவதை நிறுத்தி, கழிவைத் தரையில் பரப்பி விட்டு, களையைக் கட்டுப்படுத்தியதும் வளர்ச்சி மீண்டது.

புல்டோசரால் கழிவை வரப்பு வரப்பாகத் தள்ளிக் குவிப்பது இன்னொரு வழக்கம். அப்படிச் செய்த ஒரு தோப்புக்குப் பல வருடம் கழித்துப் போயிருக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் மர உச்சிகள் அலை மாதிரி ஏறி இறங்கின. வரப்பை ஒட்டிய மரங்கள் கொழுத்து நின்றன, இரண்டு வரப்புக்கு நடுவில் இருந்தவை மஞ்சள் பூத்துக் குட்டையாக. நடுவில் மண்வெட்டியைப் போட்டால் சருகே இல்லை, நேராக வெளிறிய கீழ்மண். வரப்பில் கையை விட்டால் விரல் முழுக்கக் கறுப்பு மட்கு, அதில் பின்னிக் கிடக்கும் வெள்ளைப் பூஞ்சை இழை. ஹெக்டேர் மொத்தத்துக்கும் கூட்டினால் சத்து எங்கேயும் போகவில்லை, ஒவ்வொரு மரத்துக்கும் எட்டும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். கனரக வண்டி மண்ணை அழுத்துவதும் இந்த வகைதான். முதல் சில ஓட்டங்களிலேயே பெரும்பாலான இறுக்கம் ஏற்பட்டுவிடும், அது தளர பல பத்தாண்டுகள் ஆகலாம். சத்து இருந்தும் வேர் இறங்காது.

மண்ணைத் தொடாமலேயே சருகை மட்டும் வாரினால் போதும், காடு ஏழையாகும். மத்திய ஐரோப்பாவில் மாட்டுத் தொழுவத்தில் பரப்புவதற்காக நூற்றாண்டுக் கணக்கில் காட்டுச் சருகை வாரிக்கொண்டு போனார்கள். எர்ன்ஸ்ட் எபர்மாயர் 1876இல் பவேரியக் காடுகளின் சருகை அளந்து, அதோடு எவ்வளவு சத்து போகிறது என்று கணக்குக் காட்டினார். காட்டின் சத்துச் சுழற்சியை எண்ணில் பிடித்த முதல் வேலைகளில் ஒன்று அது. ஒரு மரம்கூட வெட்டாமல் மண்ணின் சத்தை வற்றவிட முடியும் என்பதற்கு அந்தக் காடுகளே சாட்சி.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவற்றுக்கு வருகிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஒரு நீண்டகால ஆய்வு நடக்கிறது. அடிமரம் மட்டும், மொத்த மரம், மொத்த மரத்தோடு சருகும் என்று மூன்று விதமாக எடுத்து, மண்ணையும் வேண்டுமென்றே மூன்று அளவில் அழுத்தி, 1990 வாக்கில் தொடங்கியது. முதல் 26 இடங்களின் பத்தாண்டு முடிவு 2005இல் வந்தபோது பலருக்கு வியப்பு. சருகு உட்பட எல்லாவற்றையும் எடுத்த இடங்களில் மேல்மண்ணில் கரிமமும் கிடைக்கும் தழைச்சத்தும் குறைந்திருந்தன. ஆனால் மரத்தின் வளர்ச்சியில் பொதுவான வீழ்ச்சி தெரியவில்லை. அழுத்தம்கூடக் களிமண்ணில் கெடுதலாகவும் மணலில் சில சமயம் நல்லதாகவும் முடிந்தது, மணலில் அது நீரைத் தேக்கியது. இதை வைத்து ‘கவலை இல்லை’ என்று சிலர் முடிவு கட்டினார்கள். நான் கட்டவில்லை. பத்து வயதுக் கன்றுகள் பெரும்பாலும் பழைய மட்கு அவிழ்ந்து கொடுப்பதைச் சாப்பிடுகின்றன, மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று கூடித் தோப்பு மூடிப் பசி உச்சத்தைத் தொடுவது பிறகுதான். வட ஐரோப்பாவில் பைன், ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத் தோப்புகளில் நெருக்கத்தைக் குறைக்க இடையிடையே மரம் வெட்டும்போது கிளை தழையையும் சேர்த்து எடுத்த சோதனைகளில் முதல் பத்தாண்டில் 4, 5 விழுக்காடாக இருந்த வளர்ச்சிக் குறைவு இரண்டாம் பத்தாண்டில் 8, 13 விழுக்காடு என்று கூடியது. வெவ்வேறு நாடு, வெவ்வேறு மண், அதனால் இரண்டையும் ஒன்றோடு ஒன்று மோதவிடுவது நியாயமில்லை. ஆனால் பத்து வருடம் போதாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

சுண்ணாம்புச் சத்து விஷயத்திலும் சண்டை ஓயவில்லை. காகிதத்தில் கணக்குப் போட்டால் கருங்கல் மேல் அமைந்த புளிப்பு மண்களில் ஒன்றிரண்டு மொத்த மர வெட்டுகளில் இருப்பு தீர்ந்துவிட வேண்டும். நிஜத்தில் மரங்கள் அந்த வேகத்தில் வாடுவதைக் காணோம். வேரோடு கூட்டு வாழும் பூஞ்சைகள் பாறைத் துணுக்குகளை நேரடியாகக் கரைத்து ஊட்டுகின்றன என்று ஒரு தரப்பு சொல்கிறது. அந்த வரவு பெரிய அளவில் உதவாது என்று மறு தரப்பு. மறுபக்கம், அமில மழையில் இழந்த சுண்ணாம்பை ஈடுசெய்ய 1999இல் ஹப்பர்டு புரூக்கின் வேறொரு ஓடைப் பகுதியில் சுண்ணாம்புச் சத்துள்ள கனிமப் பொடியைத் தூவியபோது சுகர் மேப்பிள் மரங்கள் தெளிவாகத் தேறின. குறை நிஜமாகவே இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான ஆதாரம் கிடைப்பது அரிது.

சண்டை ஓயாததற்கு இன்னொரு காரணம், மண்ணை அளப்பது அவ்வளவு கடினம். வெட்டிப் பல வருடமான காடுகளை வயது வரிசையில் நிறுத்தி அளந்து, வெட்டிய 15, 20 வருடத்தில் சருகு மெத்தை பாதியாகக் குறைகிறது என்று 1981இல் ஒரு வரைபடம் வந்தது. அழகான வளைகோடு, பாடப்புத்தகங்களில் எல்லாம் ஏறிவிட்டது. பிற்பாடு அதே இடங்களுக்குத் திரும்பப் போய் அளந்தவர்களுக்கு அந்தக் கோடு கிடைக்கவில்லை. வெவ்வேறு காலத்தில் வெட்டிய காடுகள் வெவ்வேறு விதமாக வெட்டப்பட்டவை. முற்காலத்தில் குதிரை இழுத்தது, பிற்காலத்தில் இயந்திரம் வந்து சருகை மண்ணோடு கலக்கிவிட்டது. வயதின் விளைவு என்று நினைத்ததில் ஒரு பகுதி இயந்திரத்தின் விளைவு.

நானே இதில் ஒரு தடவை நன்றாக வழுக்கியிருக்கிறேன். வெட்டுக்கு முன்னும் பின்னும் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் எடுத்து ஒப்பிட்டபோது, வெட்டிய பிறகு சத்து கூடியிருப்பதாக வந்தது. இரண்டு வாரம் அதை விளக்கக் காரணம் தேடினேன், ஒரு நல்ல காரணத்தைக் கண்டுபிடித்துப் பாதி எழுதியும்விட்டேன். அப்புறம்தான் உறைத்தது, வண்டி ஏறி மண் இறுகியிருக்கிறது, அதே 20 சென்டிமீட்டருக்குள் இப்போது அதிக மண் அடங்கியிருக்கிறது. ஆழத்தை விட்டு எடைக்கு எடை ஒப்பிட்டதும் கூடுதல் மறைந்து சிறு குறைவுதான் மிஞ்சியது.

ஆகவே நீங்கள் ஏதாவது ஒரு காட்டைப் பற்றி முடிவு செய்ய வேண்டுமானால், ஒரு மண் பரிசோதனைச் சீட்டை மட்டும் நம்பாதீர்கள். நான் போனால் முதலில் நான்கு கேள்வி கேட்பேன்: எந்தப் பாகம் வெளியே போகிறது, எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை, கழிவைக் கொளுத்துகிறார்களா, அடியில் என்ன பாறை. குறுகிய சுழற்சி, மொத்த மரம், மணல் அல்லது பழைய கழுவிய மண் என்று பதில் வந்தால் உரமோ சாம்பலோ திருப்பிப் போடாமல் பல தலைமுறை ஓட்ட முடியாது. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் எரித்த மரத்தின் சாம்பலையே காட்டுக்குத் திருப்புகிறார்கள், சதுப்பில் மட்கு சேர்ந்து உருவான கரி மண் நிலத்தில் அது வளர்ச்சியை நன்றாகத் தூண்டுகிறது. ஆனால் சாம்பலில் தழைச்சத்து கிடையாது, அது கொளுத்தும்போதே போய்விட்டது. தழைச்சத்துக்கு ஏங்கும் மண்ணில் சாம்பலைக் கொட்டி மரம் வளரவில்லை என்று திகைப்பவர்கள் உண்டு. பட்டையை வெட்டிய இடத்திலேயே உரித்துப் போடுவதும், ஊசியிலை மரமானால் ஒரு பருவம் காயவைத்து இலை உதிர்ந்த பிறகு கிளையை எடுப்பதும் செலவு குறைந்த வழிகள், சுண்ணாம்பிலும் தழைச்சத்திலும் கணிசமான பங்கு அங்கேயே நின்றுவிடும். இதைச் செய்தால் ஒப்பந்தக்காரர் இரண்டு தடவை வண்டி கொண்டுவர வேண்டியிருக்கும், எதிர்ப்பு அங்கிருந்துதான் வரும்.